ஒரு கச்சான், ஒரு வாடை பொறுங்கள்: திருமலையில் பழைய வீட்டைத் திருத்துவது

எங்கள் வீட்டுக் கடற்பக்கச் சுவருக்கு 2016இல் உள்ளும் புறமும் சீமெந்து பூசினோம். பூசி முடிந்த அன்று அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவது மாரி கழிந்து, 2018 தை மாதம் ஒரு விடியற்காலை, முன்னறைக்குள் யாரோ அரிசி மூட்டையைப் பொத்தென்று போட்டது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பாய் அகலத்துக்குப் பூச்சு கழன்று கட்டிலில் கிடக்கிறது. புரட்டினால் பின்பக்கம் முழுக்கப் பஞ்சு பஞ்சாக உப்பு. நல்ல வேளை, அன்று அந்தக் கட்டிலில் யாரும் படுத்திருக்கவில்லை.

பூசித் தந்த கொந்தராத்துக்காரரைக் குறை சொல்லி என்ன செய்ய? "தீபாவளிக்கு முதல் முடிச்சுத் தாங்கோ" என்று அவரை விரட்டினது நான்தான். நான் கணித ஆசிரியை. கட்டடம் படித்தவள் இல்லை. அந்தப் பூச்சு விழுந்த பிறகுதான் வீட்டைப் படிக்கத் தொடங்கினேன். வீட்டைத் திருத்தும் யோசனையில் இருக்கிற சொந்தக்காரர்களும் பழைய மாணவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள், ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை டச்சு பே கடற்கரைப் பக்கம். காணி உறுதியில் 1911 என்று இருக்கிறது. சுவர் இரண்டடி தடிப்பு, கருங்கல்லும் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) கலந்து சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. முன்னால் உருண்டைத் தூண் வைத்த விறாந்தை, நடுவில் சின்ன முற்றம், பின்னால் குசினி. கூரையின் ஒரு பாதி அரைவட்டப் பீலி ஓடு, மறு பாதி தட்டையான மங்களூர் ஓடு. அந்த இரண்டு பாதிக்கும் ஒரு கதை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதல் வேலை, ஒரு வேலையும் செய்யாமல் இருப்பது. ஒழுகுகிற இடத்துக்கு மட்டும் ஒரு தறப்பாளைப் போட்டுவிட்டு, ஒரு முழு வருடம் வீட்டைப் பாருங்கள். நம் ஊரில் வீட்டைச் சோதிக்கிறவை இரண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து நெருப்பாக வீசுகிற கச்சான் ஒன்று. ஐப்பசிக்குப் பிறகு கடலிலிருந்து மழையைக் கிடையாக வாரிக்கொண்டு வருகிற வாடை மற்றது. இரண்டையும் வீட்டுக்குள் இருந்து ஒரு தடவையாவது பார்க்காமல் ஒரு கல்லையும் அசைக்க வேண்டாம்.

நான் ஒரு எண்பது பக்கக் கொப்பி வைத்திருந்தேன். மாதாமாதம் வருகிற போயா விடுமுறைக்கு சுவரில் ஈரம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுவேன். "சுவரிலயும் கணக்குப் பாடமா?" என்று அம்மா கேட்பார். மாரிக்கு முன்னர் கணுக்கால் உயரத்தில் நின்ற கோடு மார்கழியில் முழங்காலுக்கு மேல் ஏறியது. கடல் பக்கத்தில் இருக்கிறோம், உப்பு ஏறத்தானே செய்யும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கொப்பியைப் பார்த்தால் விசயம் வேறு. மழை விட்டு மூன்று நாளைக்குப் பிறகும் ஒரே ஒரு சுவரில்தான் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சுவரின் வெளிப்பக்கம் ஐந்தாறு வருடத்துக்கு முன் நாங்களே மோட்டார் சைக்கிள் விடுவதற்காகக் கொங்கிறீட் போட்டிருந்தோம். அது முற்றத்தை நான்கு அங்குலம் உயர்த்தி, தண்ணீரையும் சுவர்ப் பக்கம் சாய்த்துவிட்டிருந்தது. கொங்கிறீட்டை உடைத்து, மண்ணைப் பழைய மட்டத்துக்கு வெட்டி இறக்கி, சுவரிலிருந்து வெளியே சாய்கிற மாதிரி சல்லியும் மணலும் போட்டோம். அடுத்த மார்கழியில் கோடு கணுக்காலைத் தாண்டவில்லை. ஈரத்துக்கென்று போத்தலில் விற்கிற மருந்து எதுவும் வாங்காமலே பாதி வியாதி தீர்ந்தது.

இந்த வருடத்திலேயே கடதாசி வேலைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். எங்களைப் போல அதற்குள் இருக்கிறவர்கள் புதிதாக ஏதும் கட்டுவதானால் கரையோரத் திணைக்களத்தையும் கேட்க வேண்டும். உங்கள் வீடோ பக்கத்துக் கட்டடமோ 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் விசாரியுங்கள். உள்ளூராட்சிச் சபையின் அனுமதி எப்படியும் வேண்டும். போகிறபோது வீட்டின் பழைய படங்களைக் கொண்டுபோங்கள், பேச்சு சுருக்கமாக முடியும். கல்யாண அல்பங்களை விடாதீர்கள். எங்கள் விறாந்தைத் தூணுக்கு அடியில் ஒரு படி இருந்தது என்பதை மாமியின் கல்யாணப் படத்தில்தான் கண்டேன். அந்தப் படி முற்ற மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

எதை வைப்பது, எதை எடுப்பது

"பழைய மாதிரியே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பழசு? 1911ஆ, அம்மம்மா சமைத்த காலமா? எங்கள் கூரை முழுவதும் முதலில் பீலி ஓடுதான். 1964 டிசம்பர் புயல் வடக்குப் பாதியை உரித்துக்கொண்டு போனது. தாத்தா கையில் காசு வந்தபோது கிடைத்த மங்களூர் ஓட்டை வாங்கிப் போட்டார். திருத்த வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. ஓட்டை இறக்கியபோது சிலவற்றின் அடியில் பாசல் மிஷன் முத்திரை இருந்தது. 1865இல் மங்களூரில் மிஷனரிமார் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை அது. புயலுக்குப் பிறகு போட்டவைதான், ஆனால் வேறெங்கோ ஒரு பழைய கூரையில் இருந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். புயலும் வீட்டின் சரித்திரம்தானே. இரண்டு விதமாகவே விட்டோம்.

வெடிப்பும் அப்படித்தான். முன்னறையில் யன்னல் மூலையிலிருந்து மேலே போகிற ஒரு வெடிப்பு, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்குக் குண்டு போட்டபோது வந்தது என்று அம்மம்மா சொல்லுவார். உண்மையோ என்னவோ, நான் கேட்க வேண்டிய கேள்வி அது இன்னும் அசைகிறதா என்பதுதான். அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சாந்தால் ஒட்டி, திகதியை எழுதிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்களுடையது இரண்டு வருடம் உடையவில்லை. சுண்ணாம்புச் சாந்தை உள்ளே அழுத்தி நிரப்பியதோடு சரி. கோடு இப்போதும் மங்கலாகத் தெரியும், அதை மறைக்கவில்லை.

கூரைதான் முதலில்

சுவர் அழகாக இருந்து கூரை ஒழுகினால் அத்தனையும் வீண். கூரை வேலைக்கு மழையில்லாத மாதங்கள் வேண்டும், ஆனால் அதே மாதங்களில்தான் பின்னேரம் கச்சான் கிளம்பும். ஆகவே ஒரே நாளில் முழுக் கூரையையும் திறக்கக் கூடாது. நாங்கள் விடிய ஆறு மணிக்கு ஏறி, ஒரு பாத்தி இறக்கி, மரம் பார்த்து, மதியத்துக்குள் அதே பாத்தியை மூடினோம்.

இறக்கிய ஓட்டை ஒவ்வொன்றாக விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு கிண் என்று மணி மாதிரி சொல்லும், வெடித்தது தொப்பென்று சொல்லும். பாசியைத் தும்புத் தூரிகையாலும் நல்ல தண்ணீராலும் கழுவினால் போதும், அசிட் வேண்டாம். 3,200 பீலி ஓட்டில் எங்களுக்கு 410 தேறவில்லை. அவற்றை வீசிவிடாதீர்கள், சுவருக்கு வேண்டும். குறைகிறதற்கு இடிக்கிற வீடுகளில் கேளுங்கள். தெருப்பக்கச் சாய்வுக்குப் பழையதைச் சேர்த்துப் போட்டு, வாங்கியதைப் பின்பக்கம் போட்டால் நிறம் கண்ணுக்குக் குத்தாது.

ஓட்டுக்கு அடியில் அஸ்பெஸ்டஸ் தகடு போட்டால் ஒழுகவே ஒழுகாது என்று கடையில் சொல்வார்கள். வெட்டும்போது பறக்கிற தூசு சுவாசப்பைக்கு நஞ்சு, புற்றுநோய் வரை போகும். அதோடு பீலி ஓட்டின் இடுக்குகளால் சூடு வெளியேறுவதால்தான் கச்சான் காலத்திலும் நடு அறையில் படுக்க முடிகிறது. எங்கள் கூரை ஒழுகியது ஓட்டால் அல்ல, இரண்டு சாய்வு வந்து சேருகிற பள்ளத்தால். அங்கே இருந்த நாகத்தகடு (துத்தநாகம் பூசிய தகடு) கடற்காற்றில் துருவேறிச் சல்லடையாகியிருந்தது. அலுமினியத் தகடு மாற்றினோம். ஒன்று கவனம்: ஈரச் சுண்ணாம்புச் சாந்து அலுமினியத்தில் முட்டக் கூடாது, அரித்துவிடும்.

மரவேலைக்கு வந்தவர் கிண்ணியாவிலிருந்து ஓர் ஓடாவி நானா. அறுபது வயதுக்கு மேல். வந்த முதல் நாள் ஒரு ஆணியையும் எடுக்கவில்லை. திருப்புளியை எடுத்து, கூரையைத் தாங்குகிற ஒவ்வொரு வளையின் முனையிலும் குத்திக் குத்திப் பார்த்தார். முதிரை வளை இரண்டில் சுவருக்குள் புகுகிற முனை ஒரு அடிக்கு மாவாகப் போயிருந்தது, மிச்சம் பதினைந்து அடியும் இரும்பு. "டீச்சர், கால்ல புண் எண்டா ஆளையே மாத்துறதா?" என்று கேட்டுவிட்டு, அழுகினதை மட்டும் அறுத்து, நீளச் சாய்வாக ஒட்டு வைத்து, துருப்பிடிக்காத உருக்கு ஆணியால் இறுக்கினார். ஒட்டுக்குச் சவண்டலை மரம். வெள்ளைக்காரர்கள் அந்த மரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்துத் திருக்கோணமலை மரம் என்று சொல்லியிருக்கிறார்கள், சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கு அது போயிருக்கிறது. நானாவுக்கு இது தெரியாது. அவர் அதை எடுத்தது வளைந்து கொடுக்கும், வெடிக்காது என்பதற்காக.

வளை முனையைச் சுவருக்குள் திரும்ப வைக்கும்போது சுற்றிவரச் சீமெந்தால் அடைத்துவிடுவது வழக்கம். அப்படித்தான் முனை அழுகுகிறது. சுற்றி ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காற்று போய் வரட்டும். பழைய முதிரை, பாலை மரம் வாங்குகிறீர்கள் என்றால் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டு எடுத்துவையுங்கள். மரம் ஏற்றி இறக்க அனுமதி கேட்கிற ஊர் இது.

சுவரும் சுண்ணாம்பும்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நான் காசைத் தொலைத்தேன்.

பழைய சுவர் ஈரத்தை உள்ளே எடுக்கும், வெயிலில் திரும்ப விடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடும். சீமெந்துப் பூச்சு விடாது. ஈரம் வெளியேற வழி தேடி பூச்சுக்குப் பின்னால் நிற்கும், அங்கேயே காயும், அதில் கரைந்திருந்த உப்பு பளிங்காகிப் பருக்கும், பூச்சைத் தள்ளும். எங்கள் கட்டிலில் விழுந்தது அதுதான். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் முற்றம் வரை வந்து போனது, அடிச்சுவரில் அந்த உப்பும் இருந்திருக்கும்.

ஆகவே சீமெந்தைக் கழற்ற வேண்டும். சின்ன உளியும் சுத்தியலும், பொறுமையும். அதிர்வு மெசின் பிடித்தால் முருகைக்கல்லும் சேர்ந்து வரும். கழற்றியதும் பூசக் கூடாது. சித்திரையில் கழற்றி, கச்சான் முழுக்கச் சுவரை வெறுமனே விட்டோம். உப்பு வெளியே பூத்துக்கொண்டே இருக்கும். அதைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே விரித்த கடதாசியில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளே போய் உட்காரும். அந்த ஏழு மாதமும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "காசு முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டார்கள்.

சுண்ணாம்பு பூச நம் ஊருக்கு ஏற்ற காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. மழை போயிருக்கும், கச்சான் வந்திராது. கச்சானில் பூசினால் ஒரே நாளில் காய்ந்து மாவாக உதிரும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் திரும்பக் கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், நாளும் வேண்டும்.

முன்னோர் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று கடலில் முருகைக்கல் எடுப்பது சட்ட விரோதம், யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். மாத்தளை, கண்டிப் பக்கத்துச் சுண்ணக்கல்லைச் சுட்டு, தண்ணீரில் நீற்றிய சுண்ணாம்பு பையில் கிடைக்கிறது. நாள்பட்ட பை செத்த பை. ஒரு சிட்டிகை எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள், நன்றாகப் பொங்கி நுரைத்தால் அது ஏற்கனவே காற்றைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், திருப்பிக் கொடுங்கள். நல்லதைப் பிளாஸ்டிக் பரலில் தண்ணீரில் கரைத்து, மேலே மூன்று விரல் தண்ணீர் எப்போதும் நிற்கிற மாதிரி மூடி வைக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதம் வைத்தோம். திறந்தபோது எருமைத் தயிர் மாதிரி, கரண்டியில் வெட்டி எடுக்கலாம். சுட்டு இன்னும் நீற்றாத கல் கிடைத்து வீட்டில் நீற்றப் போகிறீர்கள் என்றால், கல்லைத் தண்ணீருக்குள் போட வேண்டும், தண்ணீரைக் கல்லில் ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பரலுக்குக் கிட்ட விடாதீர்கள்.

மணலுக்குக் கங்கை மணல். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற ஊரில் இருந்துகொண்டு கடல் மணலைத் தொட வேண்டிய அவசியமில்லை. எங்கள் மேசன் ஐயா லொறி வந்ததும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து, காதுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தேய்த்தார். கிறுகிறு என்று சத்தம் கேட்டால் முனையுள்ள மணல், சாந்து பிடிக்கும். சத்தமில்லாமல் வழுக்கினால் மண் அதிகம். பிறகு நாக்கில் ஒரு துளி வைத்துத் துப்பினார். உப்புக் கரித்தால் லொறி திரும்பும். நான் என் பங்குக்கு ஒரு போத்தலில் பாதி மணலும் மிச்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தேன். மறுநாள் மணலுக்கு மேல் படிந்த சேறு விரல் அகலத்தைத் தாண்டியது, மூன்று தண்ணீர் கழுவச் சொன்னேன். கழுவவும் குழைக்கவும் குழாய்த் தண்ணீர்தான், எங்கள் கிணறு உவர்.

கூரையில் தேறாத 410 ஓடும் இப்போது வேலைக்கு வரும். அவற்றை இடித்து, மாச்சல்லடையில் சலித்து, அந்தத் தூளைச் சாந்தில் சேர்த்தால் ஈர இடத்திலும் நன்றாக இறுகும். அடிச்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு ஓட்டுத் தூள், இரண்டு பங்கு மணல். மேற்சுவருக்கு ஒன்றுக்கு மூன்று மணல் மட்டும். தண்ணீர் கூட்ட வேண்டாம். முதலில் பிடிபடாது போல இருக்கும், மரக் கட்டையால் அரை மணித்தியாலம் இடிக்க இடிக்கத் தானாகவே இளகி வரும். மேசன் ஐயா பனங்கட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சரி என்று ஒரு சுவருக்குச் சேர்த்தோம், ஒரு சுவருக்குச் சேர்க்கவில்லை. இன்று வரை எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் எறும்புக்குத்தான் தெரிந்தது.

பூசுகிறதற்கு முதல் நாள் பின்னேரமும், பூசுகிற அன்று காலையும் சுவரை நனையுங்கள். மூட்டுகளில் உதிர்ந்த பழைய சாந்தை இரண்டு விரல் ஆழத்துக்குக் கிண்டி நிரப்பிய பிறகுதான் பூச்சு. ஒரு தடவைக்குப் பத்து மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். முதல் பூச்சைக் கீறி விட்டு, ஒரு கிழமை கழித்து அடுத்தது. இடையில் ஈரச் சாக்குத் தொங்கவிட வேண்டும். 2020 பங்குனியில் எங்களுக்குப் பாதிச் சுவர் முடிந்திருந்தபோது ஊரடங்கு வந்துவிட்டது. மேசன் ஐயா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நானும் அம்மாவும் பதினைந்து சாக்கை நாளுக்கு மூன்று தரம் நனைத்தோம். அந்தப் பாதியில்தான் ஒரு மயிர் வெடிப்பும் இல்லை. அம்மாவுக்குச் சுண்ணாம்பில் நம்பிக்கை வந்தது அந்தக் கிழமைகளில்.

மேலே பெயின்ற் அடித்தால் செய்ததெல்லாம் வீண், பிளாஸ்டிக் தோல் மாதிரி மூடிவிடும். சுண்ணாம்பையே பால் மாதிரி தண்ணீராகக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, ஐந்து தரம் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே பிடிக்காதது போலத் தெரியும், காய்ந்த பிறகுதான் வெண்மை வரும். இதைத் தெரியாமல் முதல் நாள் தடிப்பாக அடித்து, மறுநாள் சுரண்டினோம். உள்ளறைக்கு உடுப்புக்குப் போடுகிற நீலத்தில் ஒரு சிட்டிகை சேர்த்தோம், அம்மம்மா காலத்து நிறம்.

இந்த வேலையை நாட்கூலிக்குக் கொடுங்கள். கொந்தராத்துக்குக் கொடுத்தால் அவசரப்படத்தான் செய்வார்கள், அவர்களிலும் பிழையில்லை.

கதவு, யன்னல், நிலம், மற்றவை

யன்னலைக் கழற்ற முதல் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போடுங்கள், சட்டத்திலும் கதவிலும் ஒரே இலக்கம். நூறு வருடத்தில் ஒவ்வொரு கதவும் தன் சட்டத்துக்கு ஏற்ற மாதிரிக் கோணியிருக்கும், மாறினால் பூட்டாது. பெயின்றை ஒரு மூலையில் படிப்படியாகச் சுரண்டிப் பார்த்தால் நிறங்களின் வரிசை தெரியும். எங்களுடையது மேலே பழுப்பு, அதற்கடியில் வெள்ளை, பிறகு சாம்பல், மரத்தை ஒட்டி ஒரு கரும்பச்சை. பச்சைக்கே போனோம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கும், காய்ந்தபடி மண்கடதாசி போடக் கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டலைக் கட்டி எறியுங்கள், பிள்ளைகளைத் தூர வையுங்கள். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். பிணைச்சலும் திறாங்கும் பித்தளையில் இருந்தால் கழுவி அப்படியே போடலாம். ஆணியும் பித்தளையே வாங்குங்கள், இரும்பு எங்கள் காற்றில் நான்கு வருடம் தாங்காது.

விறாந்தைச் சிவப்புச் சீமெந்து நிலம் என் தாத்தா போட்டது. சீமெந்து என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். ஐம்பது வருடம் பொச்சுமட்டையாலும் மெழுகாலும் தேய்த்து வந்த மினுக்கம் அது, எந்தக் கடையிலும் கிடைக்காது. வெடித்த இடத்தில் வெடிப்பை மட்டும் நிரப்பினோம், நிறம் கொஞ்சம் பிசகித்தான் இருக்கிறது.

வயர்களைச் சுவரை வெட்டிப் புதைக்காதீர்கள். வெளியாலேயே குழாயில் கொண்டுபோங்கள், சுவர் நிறமே அதற்கும் அடித்தால் மறைந்துவிடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், உப்புக் காற்றில் வயர் சீக்கிரம் கெடும். குளியலறையைப் பழைய அறை ஒன்றுக்குள் திணிக்காமல் பின்னால் தனியாகக் கட்டி, கூரை போட்ட நடைபாதையால் இணைத்தோம்.

அம்மாவுக்கு அலுமினிய யன்னலும் பளபளக்கும் மாபிளும் வேண்டும் என்று ஒரு ஆசை. கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய படங்கள் வேறு. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு குசினியை அவரிடமே கொடுத்தேன். அது 1980களில் கட்டியது, அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. இப்போது குசினி நிலத்தில் முகம் பார்க்கலாம். அங்கேதான் எல்லோரும் இருந்து தேத்தண்ணி குடிக்கிறோம்.

வேலை முடிந்தது என்று ஒன்று இல்லை. புரட்டாதி கடைசியில் மழைநீர்ப் பீலியிலும் கூரைப் பள்ளத்திலும் வேப்பிலைச் சருகை அள்ளுவேன். மழை தொடங்கிய முதல் இரவு டோர்ச்சோடு எல்லா அறையிலும் அண்ணாந்து பார்ப்பேன். தைப்பொங்கலுக்குப் பிறகு கடற்பக்கச் சுவருக்கு ஒரு தரம் சுண்ணாம்புப் பால். அடிக்கிறதற்கு முதல் நாள் படலையைப் பூட்டிவிட வேண்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வந்து ஈரச் சுவரில் உரசிவிட்டுப் போனால், காலையில் ஒரு பக்கம் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.